கொடி மாறிய கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு மாணவி, பினாங்குக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர் இருந்தது உண்மையா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, அந்தப் பெயர் புழங்கிய நாளில் பிடிபட்ட டச்சுப் போர்க்கப்பல் ஒன்று நம் துறைமுகத்தில் கிடந்து 1813இல் விலைபோனது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான். வழக்கமாக ஜாதகம், மூட்டுவலி, பழைய பாட்டு என்று வருகிற கடிதங்களுக்கு நடுவே இந்த மாதம் பாதிக்கு மேல் கப்பல் கடிதங்கள். சரி, இந்த இதழ் முழுக்கக் கப்பலுக்கே போகட்டும். மூட்டுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிடிபட்ட டச்சுக் கப்பல் என்கிறீர்கள். பெயர் என்ன, யார் எங்கே பிடித்தார்கள்? நாற்பது வருடம் சரித்திரம் நடத்தியவன் நான். பினாங்கில் டச்சுக்காரனோடு கடல் சண்டை நடந்ததாக எங்கும் படித்ததில்லையே!
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்)

நீங்கள் படித்தது சரிதான் ஐயா, சண்டை இங்கே நடக்கவில்லை. அது பிடிபட்டது இங்கிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, ஹாலந்துக் கரையில் டெக்சல் தீவுக்கு அருகே, 1798 அக்டோபர் 24ஆம் தேதி. அன்று அதன் பெயர் 'ஃப்யூரி', சீற்றம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்துகொண்ட டச்சு அரசு, அயர்லாந்தில் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளம்பியவர்களுக்கு உதவ, பிரெஞ்சுச் சிப்பாய்களையும் துப்பாக்கிகளையும் இரண்டு கப்பல்களில் ஏற்றி அனுப்பியது. அதில் பெரியது இந்த ஃப்யூரி. வேடிக்கை என்னவென்றால், உதவி கிளம்புவதற்கு முன்பே, செப்டம்பரிலேயே, அயர்லாந்தில் இறங்கியிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்துவிட்டது. கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு சீர்வரிசை தூக்கிக்கொண்டு போன கதை.

வெளியே வந்ததும் 'சிரியஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் எதிர்ப்பட்டது. கப்பித்தான் ரிச்சர்ட் கிங். ஃப்யூரியோடு வந்த சின்னக் கப்பல் சண்டையே போடாமல் கொடியை இறக்கிச் சரணடைந்துவிட்டது. ஃப்யூரி கொஞ்ச நேரம் நின்று சுட்டது, எட்டுப் பேர் செத்த பிறகு அதுவும் இறக்கிவிட்டது. சிரியஸில் ஒரே ஒருவருக்குக் காயம்.

பிரிட்டிஷ் கடற்படை அதைத் தன் பட்டியலில் சேர்த்து 'வில்ஹெல்மினா' என்று பெயர் வைத்தது. நாட்டை இழந்து லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த டச்சு இளவரசரின் மனைவி பெயரும் வில்ஹெல்மினாதான். பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எதிரி கப்பலைப் பிடித்தால் கொளுத்திவிடாமல் ஏன் வைத்துக்கொண்டார்கள்? திருட்டு வண்டி ஓட்டுவது மாதிரி வெட்கமாக இல்லையா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

வெட்கமா! அதுதான் அவர்களுக்குப் பெருமை, அதைவிட முக்கியம், வருமானம். ஒரு போர்க்கப்பல் கட்ட நூற்றுக்கணக்கான முதிர்ந்த ஓக் மரம் வெட்ட வேண்டும், வெட்டிய மரம் காய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எதிரி அதையெல்லாம் செய்துமுடித்து, கயிறு கட்டி, பீரங்கியும் ஏற்றிக் கொண்டுவந்து தருகிறான், அதைக் கொளுத்துவார்களா?

பிடித்த கப்பலைக் கொண்டுவந்து அதற்கென்று இருந்த நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். இது முறைப்படி பிடித்ததுதான் என்று தீர்ப்பானதும், தேறும் என்று தோன்றினால் கடற்படையே விலைக்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் பணம் பிடித்தவர்களுக்குப் பங்கு பிரியும். 1808 வரை கணக்கு இப்படி: மொத்தம் எட்டுப் பங்கு, கப்பித்தானுக்கு மூன்று, அதில் ஒன்று மேலே இருக்கிற அட்மிரலுக்கு, நடுவில் இருக்கிற அதிகாரிகளுக்கு மூன்று, மிச்சம் இரண்டு பங்கை நூற்றுக்கணக்கான சாதாரண மாலுமிகள் பிரித்துக்கொள்ள வேண்டும். இது போக, எதிரிக் கப்பலில் சண்டை தொடங்கும்போது இருந்த ஒவ்வொரு தலைக்கும் 5 பவுண்டு. தலைக்கு இவ்வளவு என்று ஆளை எண்ணிக் காசு கொடுத்த இடம் கரும்புத் தோட்டம் மட்டும் இல்லை என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வில்ஹெல்மினா நம் பக்கத்துக் கடலில் ஏதாவது சாதித்ததா, சும்மா வந்து கிடந்ததா?
(வாசகர், பட்டர்வொர்த்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

1804இல் வில்ஹெல்மினா வங்காள விரிகுடாவில் இருக்கிறது, ஆனால் பழைய மிடுக்கு இல்லை. துருப்புகளும் சரக்கும் ஏற்றுவதற்காகப் பீரங்கிகளில் பலவற்றைக் கழற்றிவிட்டார்கள், மிஞ்சியது 21. கப்பித்தான் ஹென்றி லாம்பர்ட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம் ஒரு வணிகக் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தபோது மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் 'ப்ஸீஷே' கண்ணில் படுகிறது. கொள்ளைக் கப்பல் என்றால் கடற்கொள்ளையர் இல்லை. அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, தனியார் முதலாளிகள் காசு போட்டு எதிரி வணிகரைப் பிடிக்க அனுப்புகிற கப்பல். அதில் 36 பீரங்கி.

லாம்பர்ட் என்ன செய்தார் தெரியுமா? துணைக்கு வந்த வணிகக் கப்பலைத் தன் வழியே போகச் சொல்லிவிட்டு, இவர் எதிரியைப் பார்த்துத் திரும்பினார். பீரங்கி குறைந்த வில்ஹெல்மினா தூரத்திலிருந்து பார்த்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல் போலத்தான் தெரியும். 11ஆம் தேதி விடியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, பாய்மரம் முறிய, கயிறு அறுபட, மாறி மாறிச் சுட்டுக்கொண்டன. கடைசியில் ப்ஸீஷேதான் விலகி ஓடியது. துரத்த வில்ஹெல்மினாவிடம் பாய் மிஞ்சவில்லை. பீரங்கி குறைந்து நின்ற கப்பலுக்கு இது பெரிய காரியம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு இழுத்திருக்க மாட்டேன். அடுத்த வருடம் லாம்பர்ட்டை வேறு கப்பலுக்கு மாற்றினார்கள், 'சான் ஃபியொரென்சோ'. அதுவும் பிடிபட்ட கப்பல்தான்! 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் தூலோன் துறைமுகத்தில் 'மினர்வ்' என்ற பெயரில் இறக்கியது. 1794இல் கோர்சிகாத் தீவை பிரிட்டிஷார் தாக்கியபோது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அதன் மாலுமிகளே சான் ஃபியொரென்சோ குடாவில் மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷார் தண்ணீரை இறைத்துத் தூக்கி, பழுது பார்த்து, மூழ்கிக் கிடந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டி போட்டு எடுத்து, 'கிணற்றுக்குடம்' என்று கூப்பிடுவது மாதிரி.

ப்ஸீஷேயும் இதற்குள் மாறியிருந்தது. பிரெஞ்சுக் கடற்படையே அதை வாங்கி பெர்ஜெரே என்ற நல்ல கப்பித்தானிடம் கொடுத்திருந்தது. 1805 பிப்ரவரி 14ஆம் தேதி ராத்திரி, விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, சான் ஃபியொரென்சோவில் நின்ற லாம்பர்ட் பழைய எதிரியை மறுபடி எதிர்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் சண்டை. ப்ஸீஷேயில் மட்டும் ஐம்பதுக்கு மேல் பிணம். பெர்ஜெரே படகு அனுப்பி, எங்கள் ஆட்களின் சொந்தச் சாமானைத் தொட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டால் சரணடைகிறேன் என்றார், லாம்பர்ட் ஒப்புக்கொண்டார். அப்புறம் வழக்கம்போல ப்ஸீஷேயும் பிரிட்டிஷ் கொடி ஏற்றிக்கொண்டது. 1811இல் ஜாவாவைப் பிடிக்கப் போன படையில் அதுவும் ஒன்று. அந்தப் படை கூடியது எங்கே? நம் மலாக்காவில்.

இப்போது எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர் கட்டிய கப்பலில் நின்று பிரெஞ்சுக் கப்பலை விரட்டிய பிரிட்டிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் கட்டிய இன்னொரு கப்பலில் நின்று அதே பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்து, அதையும் பிரிட்டிஷ் கப்பலாக்கினார். இதில் யாருடைய கப்பல் யாருடையது என்று கேட்டால் தலை சுற்றும்.

எல்லாம் வெள்ளைக்காரன் கதையாக இருக்கிறதே ஐயா. நம் ஆட்கள் யாரும் இந்தக் கப்பல்களில் இல்லையா? என் தாத்தாவின் அப்பா கப்பலில் கலாசியாக இருந்தார் என்று பாட்டி சொல்வார்.
(வாசகி, நிபோங் தெபால்)

இருந்தார்கள் அம்மா, வரலாற்றில் பேர் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் பாட்டி சொன்ன 'கலாசி'தான் மலாயில் 'கெலாசி'. கப்பல் என்ற நம் சொல் 'காப்பால்' ஆனதும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடலில் ஓடிய வெள்ளைக்காரர் கப்பல்களில் குஜராத்திலிருந்து வங்காளம் வரைக்கும் கரையோரத்து ஆட்கள் வேலை பார்த்தார்கள். பிரிட்டிஷார் எல்லாரையும் ஒட்டுமொத்தமாக 'லஸ்கர்' என்பார்கள். அவர்களுக்கு மேலே சாரங்கு, தண்டல் என்று மேஸ்திரிகள். கப்பித்தான் சாரங்கிடம் சொல்வார், சாரங்கு ஆட்களிடம் சொல்வார். எஸ்டேட்டில் துரை, கங்காணி, கூலி என்று இருந்த படிக்கட்டு கடலில் அதற்கு முன்பே இருந்தது.

உங்களுக்காக ஒரு சண்டையைச் சொல்கிறேன், நம் ஊர்க் கடலிலேயே நடந்தது. 1808 மார்ச் 6. அதே சான் ஃபியொரென்சோ, இப்போது கப்பித்தான் ஜார்ஜ் ஹார்டிஞ், வயது முப்பது கூட ஆகவில்லை. கன்னியாகுமரிக்கு அப்பால் கம்பெனியின் மூன்று சரக்குக் கப்பல்களைக் கடந்து போகும்போது, அவற்றைக் குறிவைத்து வந்த பெரிய பிரெஞ்சுக் கப்பலைக் கண்டார்கள். பெயர் 'பியெமொந்தேஸ்'. இந்தியப் பெருங்கடலில் அதற்கு நல்ல பேர் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் 'வாரன் ஹேஸ்டிங்ஸ்' என்ற கம்பெனிக் கப்பலைப் பிடித்தபோது, சரணடைந்துவிட்ட கப்பித்தானையே அதன் முதல் லெப்டினன்ட் மொரோ கத்தியால் குத்தினான்.

மூன்று நாள் சண்டை. ராத்திரி கொஞ்சம், விடிந்ததும் கொஞ்சம், பிறகு பிரெஞ்சுக்காரர் விலகி ஓட, இவர்கள் கயிறும் பாயும் சரிசெய்துகொண்டு மறுபடி துரத்த, 8ஆம் தேதி சாயங்காலம் கடைசிச் சுற்று. ஹார்டிஞ் குண்டடிபட்டு அங்கேயே போய்விட்டார், லெப்டினன்ட் டாசன் பொறுப்பெடுத்து முடித்தார். சான் ஃபியொரென்சோவில் 13 பேர் சாவு, அந்தப் பக்கம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மொரோ, பிடிபட்டால் தன் கதி என்ன என்று தெரிந்தோ என்னவோ, காயத்தோடு கடலில் குதித்துவிட்டான். ஹார்டிஞ்சுக்கு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நினைவுச்சிலை இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பியெமொந்தேஸில் முந்நூற்றுக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களோடு சுமார் 200 லஸ்கர்களும் இருந்தார்கள். முன்பு பிடித்த கப்பல்களிலிருந்து இறக்கி, பாய் இழுக்க வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். வயிற்றுப் பிழைப்புக்குக் கம்பெனிக் கப்பலில் ஏறியவன், அதைப் பிரெஞ்சுக்காரன் பிடித்ததும் அவனுக்குக் கயிறு இழுக்கிறான், இப்போது எதிரே வந்து சுடுவது பழைய முதலாளியின் கடற்படை. தலைக்கு மேலே பாய்மரம் விழுகிறது, கரை கண்ணுக்கெட்டும் தூரம், அவன் ஊர்க் கரையாகவே இருக்கலாம். மொரோவின் பெயர் இருக்கிறது, ஹார்டிஞ்சுக்குச் சிலை இருக்கிறது. அந்த இருநூறு பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதி வையுங்கள் அம்மா, பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.

பிடித்த கப்பலுக்குப் பெயர் மாற்றுவது சகுனத் தடை இல்லையா?
(வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்)

மாலுமிகளுக்குச் சகுனம் நிறைய உண்டு, அரசாங்கத்துக்குக் கிடையாது. தன் பட்டியலில் அதே பெயரில் இன்னொரு கப்பல் இருந்தால் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் எதிரி வைத்த பெயரே ஓடும். எதிரியிடம் பிடுங்கியது என்று பெயரே சொல்லட்டுமே என்ற திமிரும் அதில் உண்டு.

அந்தப் பியெமொந்தேஸ் அப்புறம் என்ன ஆனது? பினாங்குப் பக்கம் வந்ததா?
(கல்லூரி மாணவர், கெளுகோர்)

வந்தது! கொழும்புக்கு இழுத்துப்போய்ச் சரிசெய்து, பிரிட்டிஷ் கடற்படை அதையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1810இல் கப்பித்தான் கிறிஸ்டஃபர் கோல் மூன்று கப்பல்களோடு சென்னையிலிருந்து கிழக்கே கிளம்பினார், அதில் ஒன்று இது. வழியில் பினாங்கில் நின்றார்கள். இங்கே இருபது பீரங்கிப் படையினரையும், கோட்டைச் சுவரில் சாத்தி ஏறுகிற ஏணிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏணி எதற்கு என்றால், போன இடம் பண்டா தீவுகள், ஜாதிக்காய் விளைகிற டச்சுக்காரர்களின் புதையல் பெட்டி. ஆகஸ்ட் 9ஆம் தேதி விடியுமுன், கொட்டுகிற மழையில், இருநூறு பேருக்கும் குறைவாகத்தான் கரை சேர முடிந்தது. பெல்ஜிகா கோட்டைச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறிப் பிடித்துவிட்டார்கள். உள்ளே தீவில் இருந்த காவற்படை இவர்களைப்போல் பல மடங்கு.

பாலிக் பூலாவ் பக்கம் போய் ஜாதிக்காய்த் தண்ணீர் குடிக்கும்போது எனக்கு இந்த ஏணிதான் ஞாபகத்துக்கு வரும். ஜாதிக்காய்க் கன்று பினாங்குக்கு வந்தது அதற்கும் முன்னால், கம்பெனி கொண்டுவந்து நட்டது. அது வேறு கதை, இன்னொரு இதழில் பார்க்கலாம். அத்தனை ஆட்டம் ஆடிய பியெமொந்தேஸை 1813இல் இங்கிலாந்தில் உடைத்துப் போட்டுவிட்டார்கள், தண்ணீரில் இறங்கி ஒன்பதே வருடம். அதைப் பிடித்த சான் ஃபியொரென்சோ கிழவி மட்டும் துருப்புக் கப்பல், நோயாளிகளைத் தனித்து வைக்கிற கப்பல் என்று படிப்படியாக இறங்கி, 1837 வரைக்கும் கிடந்தாள். 55 வயது. மூழ்கிக் கிடந்ததும் சேர்த்துத்தான்.

வில்ஹெல்மினாவை ஏன் பினாங்கில் கொண்டுவந்து போட்டார்கள்?
(துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பட்டர்வொர்த்)

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1805இல் லண்டனுக்கு ஒரு கனவு வந்தது. பினாங்கைப் பெரிய கடற்படைத் தளமாக்க வேண்டும், இங்கேயே கப்பல் கட்ட வேண்டும் என்று. சென்னை, பம்பாய், வங்காளத்துக்குச் சமமாகப் பினாங்கை நான்காவது மாகாணமாக உயர்த்தி, கவர்னரும் பரிவாரமுமாக அனுப்பினார்கள். அந்தப் பரிவாரத்தில் ஓர் இளம் உதவிச் செயலாளராக வந்து இறங்கியவர்தான் பின்னால் சிங்கப்பூர் புகழ் ராஃபிள்ஸ். 1809இல் 'மலாக்கா' என்று 36 பீரங்கிப் போர்க்கப்பலையும் இங்கே கட்டி இறக்கிவிட்டார்கள். ஆனால் செலவு கைமீறியது, தளம் வரவில்லை.

அந்த நாளில்தான் வில்ஹெல்மினா இங்கே வந்து சேர்ந்தது. சண்டைக்கு லாயக்கில்லாத கப்பலை உடைக்காமல், பாய்மரத்தைக் கழற்றி, நங்கூரம் போட்டு, துறைமுகக் காவலுக்கும் ஆட்களைத் தங்கவைப்பதற்கும் மிதக்கும் கட்டடமாக வைத்துக்கொள்வது வழக்கம். டச்சு ஓக் மரம் நம் தண்ணீரில் எவ்வளவு நாள் தாங்கும்? இங்கே கப்பல் புழு இருக்கிறதே, மரத்தைத் தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும். அடியில் செம்புத் தகடு அடித்தால் தப்பிக்கலாம், தகடு ஓரிடத்தில் கிழிந்தால் போதும், உள்ளே போய்விடும்.

என் அப்பா வெல்ட் கீயில் தொங்கான் படகுகளில் வேலை பார்த்தவர். படகைக் கரையேற்றி கலப்பத்து அடிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய் நிற்பேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் திரித்த பஞ்சை வைத்து, மழுங்கிய உளியால் கொட்டாப்புளி கொண்டு தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். டொக் டொக் என்று வருகிற சத்தம் பஞ்சு இறுகியதும் டங் என்று மாறும், அதைக் கேட்டுத்தான் அடுத்த அடிக்கு நகர்வார்கள். மேலே எண்ணெயில் காய்ச்சிய டாமர் பிசினைப் பூசுவார்கள். நம் குங்கிலியத்துக்குச் சொந்தக்காரன், அதே வாசனை. ஓர் இடத்தில் சத்தம் மாறவே மாறாது. அப்பா பேனாக்கத்தியால் குத்திப் பார்ப்பார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போகும். "முடிஞ்சுதுடா" என்பார். அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். வில்ஹெல்மினாவிலும் எவனாவது ஒரு தச்சன் இப்படிக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே சொல்லியிருப்பான். 1813இல் விற்றுவிட்டார்கள்.

பினாங்கு, போர்க்கப்பல் என்றால் எம்டனைச் சொல்லாமல் விடலாமா?
(பலர்)

நூற்றாண்டு வேறு என்றாலும் நீங்கள் விடமாட்டீர்கள், தெரியும். 1914 செப்டம்பர் 22இல் சென்னையில் குண்டு போட்டுவிட்டு, அக்டோபர் 28 விடியலில் போலியாக ஒரு புகைபோக்கியை நிறுத்தி மாறுவேடத்தில் நம் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் 'ஜெம்சுக்' கப்பலையும், வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக்காரரின் 'மூஸ்கே'யையும் மூழ்கடித்த ஜெர்மன் கப்பல். ரஷ்ய மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோட்டில் இன்னும் இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்வதும் இதனால்தான். இந்த இதழ் விஷயத்துக்கு ஏற்ற ஒரு துணுக்கு: எம்டன் முதன்முதலில் பிடித்த ரஷ்யக் கப்பல் 'ரியாசான்' மூழ்கடிக்கப்படவில்லை. ஜெர்மனி அதற்குப் பீரங்கி பொருத்தி, 'கோர்மோரான்' என்று பெயர் வைத்து, அதையே வேட்டைக்கு அனுப்பியது. பழைய பழக்கம் எங்கே போகும்!

அந்த லாம்பர்ட் கடைசியில் என்ன ஆனார்? இந்தக் கப்பல்களில் எதையாவது இன்றைக்குக் கண்ணால் பார்க்க முடியுமா?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

லாம்பர்ட்டுக்குக் கடைசியாகக் கிடைத்ததும் பிடிபட்ட கப்பல்தான். 'ரெனொமே' என்ற பிரெஞ்சுக் கப்பல், 1811இல் மடகாஸ்கர் பக்கம் பிடித்தது, அந்த வருடம் ஜாவாவை வென்ற குஷியில் 'ஜாவா' என்று பெயர் வைத்தார்கள். பம்பாய்க்குப் புதிய கவர்னரை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், 1812 டிசம்பர் 29இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலிடம் மாட்டினார். மார்பில் குண்டு. சில நாளில் பாயியா ஊரில் உயிர் போனது. ஜாவா சல்லடையாகிப் போனதால் அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். கொளுத்துமுன் அதன் சுக்கான் சக்கரத்தைக் கழற்றி, உடைந்துபோன தங்கள் சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிக்கொண்டார்கள் என்பார்கள். கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது.

மற்றபடி வில்ஹெல்மினா, ப்ஸீஷே, பியெமொந்தேஸ், சான் ஃபியொரென்சோ ஒன்றும் மிச்சமில்லை. பாஸ்டன் போக முடியாதவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு வாருங்கள், அடுத்த முறை பினாங்கு வரும்போது. அங்கே 'செரி ரம்பாய்' என்ற வெண்கலப் பீரங்கி கடலைப் பார்த்து நிற்கிறது. 1603இல் டச்சுக்காரர் வார்த்தது, ஜோகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், அச்சே படையிடம் சிக்கி, சிலாங்கூருக்கு வந்து, 1871இல் பிரிட்டிஷார் தூக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்வார்கள். கிட்டத்தட்ட கோயில் மரியாதை. நான் கடைசியாகப் போனபோது ரெண்டு சாமந்திப்பூ வாடிக் கிடந்தது, பக்கத்தில் ஒரு பையன் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான், அவன் அம்மா அவனை இறங்கச் சொல்லிவிட்டு, இறங்கியதும் பீரங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கப்பலைப் பற்றி இவ்வளவு அளக்கிறீர்களே, நீங்கள் எத்தனை தடவை கப்பலில் போயிருக்கிறீர்கள்?
(பெயர் போடாத கடிதம், கையெழுத்தைப் பார்த்தால் என் மைத்துனர்)

பட்டர்வொர்த் ஃபெரியை விட்டுவிட்டால், ஒரு தடவைகூட இல்லை மாப்பிள்ளை. அப்பா 'ரஜூலா'வில் வந்தவர், நான் விமானத்தில் போனவன். நடுவில் 'சிதம்பரம்' கப்பலில் நாகப்பட்டினம் போய்வந்த எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் உண்டு. அந்தச் சிதம்பரம் பிறந்தபோது சிதம்பரம் இல்லை, 1966இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய 'பாஸ்டர்' என்ற கப்பல். யாரும் பிடிக்கவில்லை, இந்தியா 1970களின் தொடக்கத்தில் காசு கொடுத்து வாங்கிப் பெயர் வைத்தது. 1985இல் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் நின்றது. கப்பலின் பழைய பெயரெல்லாம் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் ஊருக்குப் போய்வந்து சொன்ன ஒரே கடல் அனுபவம் இதுதான், உண்மையோ, அவர் கட்டியதோ: குளிக்கிற இடத்தில் 'சி' என்று எழுதிய குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்ததாம், 'எஃப்' என்று எழுதியதில் பச்சைத் தண்ணீர் (பிரெஞ்சில் சூட்டுக்கு முதல் எழுத்து 'சி', குளிருக்கு 'எஃப்'). "இங்கிலீஷ் படிச்சவனெல்லாம் உள்ளே போய் அலறினான், நான் படிக்காததால் கையை வச்சுப் பார்த்துட்டுக் குளிச்சேன்" என்பார்.